கண்மாய்க் கூட்டத்துக்குப் பெண்கள் ஏன் வருவதில்லை?

மார்ச் 9, இரவு 9.40

வாசகர் ஒருவரின் கேள்வி: "உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் கொடுத்தாயிற்று. எங்கள் ஊராட்சித் தலைவரும் பெண்தான். ஆனால் கண்மாய் மராமத்து, மடை திறப்பு, தண்ணீர் முறை என்று கூட்டம் போட்டால் ஒரு பெண்ணும் வருவதில்லை. வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு இதில் ஆர்வம் இல்லை என்பதுதானே உண்மை?"

மார்ச் 9, இரவு 11.05

ஆர்வம் இல்லை என்ற வார்த்தையைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மானாமதுரைக்குக் கிழக்கே. அப்பா 1987-ல் இறந்தபோது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஏழு. பெரிய கண்மாயின் கடைமடையில், அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், அறுபது சென்ட் நஞ்சை எங்களுக்கு. கடைமடைக்காரர்களுக்குத் தெரியும், தண்ணீர் குறைந்த வருஷத்தில் பகலில் நம் வயலுக்கு ஒரு சொட்டு வராது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அம்மா அரிக்கேன் விளக்கும் மண்வெட்டியுமாகக் கிளம்புவார். என்னையும் கூட்டிப் போவார், துணைக்கு என்று இல்லை, தனியாகப் போனால் ஊர் பேசும் என்பதற்காக. வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையை வெட்டிவிட்டு விளக்கை அணைத்துவிடுவார், மண்ணெண்ணெய் மிச்சம். அப்புறம் வாய்க்காலில் காலை விட்டபடி வரப்பில் உட்கார்ந்துகொள்வார். கணுக்காலுக்கு மேல் இருந்த தண்ணீர் கணுக்காலுக்குக் கீழே இறங்கினால் மேலே யாரோ வாய்க்காலை வெட்டித் திருப்பிவிட்டார்கள் என்று அர்த்தம். எழுந்து இருட்டில் வாய்க்கால் ஓரமாகவே நடப்பார். எந்த வயலில் வெட்டு இருக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார்.

இந்த அம்மாவைத்தான் ஊர்க் கணக்கில் 'அரைவரி' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பக்கம் தலைக்கட்டு வரி உண்டு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவன் இறந்தால் அந்த வீட்டுக்கு அரைவரி. அதை இரக்கப்பட்டுக் குறைத்தது என்று சொல்வார்கள், இருக்கலாம். ஆனால் அரைவரிக்காரர் சாவடிக் கூட்டத்தில் உட்கார முடியாது, அதுவும் பெண் என்றால் சாவடிப் படியே ஏற முடியாது. மடை எப்போது திறப்பது, யாருக்கு முதல் முறை, எல்லாம் அந்தச் சாவடியில்தான் முடிவாகும். அம்மா சொல்ல வேண்டியதைச் சித்தப்பா வாங்கிக்கொண்டு போவார். "கடைமடைக்கு ரெண்டு ராத்திரி முழுசா விடணும், மேல அடைச்சாத்தான் இங்க ஏறும்" என்று அம்மா விவரமாகச் சொன்னதை, அவர் அங்கே போய் "மதினி தண்ணி கேக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார்.

இதற்குப் பெயர் ஆர்வம் இல்லாமையா?

மார்ச் 10, காலை 6.30

இரவு கோபத்தில் எழுதினேன். இப்போது கொஞ்சம் நிதானமாக.

பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வேண்டும் என்று 2000-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஆயக்கட்டில், அதாவது பாசனத் தண்ணீர் பாயும் பரப்பில், நிலம் வைத்திருப்பவர்கள் உறுப்பினர்கள். படித்தால் ஆண், பெண் என்ற பேதமே தெரியாது. ஆனால் நிலம் யார் பெயரில்? 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் இந்தியா முழுக்க சாகுபடிப் பண்ணைகளின் எண்ணிக்கையில் பெண்கள் நடத்துவதாகப் பதிவானவை 14 சதவீதம்தான். எங்கள் அறுபது சென்டுக்கான பட்டா அப்பா பெயரில்கூட இல்லை, தாத்தா பெயரில் இருந்தது. இருபது வருஷம் அந்த நிலத்தில் நாற்றுவிட்டு, தண்ணீர் பாய்ச்சி, அறுத்த அம்மா சங்கத்தின் கண்ணில் யாருமே இல்லை.

மகள்களின் கதை இன்னொன்று. தமிழ்நாட்டில் 1989-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் திருத்தினார்கள். அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்குக் கிடையாது என்று ஒரு வரி அதில் இருந்தது. 2005-ல் மத்தியச் சட்டம் வந்துதான் அந்த வரி போனது. சட்டம் கொடுத்ததைப் பிறந்த வீட்டார் திரும்ப எழுதி வாங்கிக்கொள்வதற்கு ஒரு காகிதம் உண்டு, விடுதலைப் பத்திரம் என்று பெயர். அண்ணன் தம்பி சீர் செய்வார்கள், தாய்மாமனாக வந்து நிற்பார்கள் என்று அக்கா தங்கைகள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்தக் கையெழுத்தோடு கண்மாய்ச் சங்கத்தின் உறுப்பினர் உரிமையும் போகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

மார்ச் 10, மதியம்

ஒன்று விட்டுப்போனது. உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் குடவோலையைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம், நானும் பேசுவேன். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 921-ல் வெட்டியது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓலையில் பேர் எழுதத் தகுதி என்ன என்று அதே கல்வெட்டில் இருக்கிறது: கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதப் படிப்பு. அது பிராமண சபை, அதன் விதிகள் வேறு. ஆனால் ஏரியைப் பற்றிப் பேச முதலில் நிலம் வேண்டும் என்ற அந்த நிபந்தனை மட்டும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது.

மார்ச் 11, இரவு 10.15

"அப்போ பட்டா வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறார்கள்.

எங்களுக்கு வந்தது. 2009-ல், ஏகப்பட்ட அலைச்சலுக்குப் பிறகு, அம்மா, நான், தம்பி மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா. அதற்கப்புறம் சங்கத்து ஆட்கள் கூட்டத்துக்குச் சொல்லி அனுப்பியது யாருக்கு? தம்பிக்கு. அவன் அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், ஒரு கண்மாய்க்கு எத்தனை மடை என்றுகூட அவனுக்குத் தெரியாது. நான் போனேன். "ஏம்மா, தம்பி வரலையா? சரி, அவன் வந்ததும் பேசிக்கலாம்" என்றார் ஒரு பெரியவர். நல்ல மனிதர்தான், எங்கள் கஷ்டகாலத்தில் விதைநெல் கொடுத்தவர். நாற்காலி எடுத்துப் போடச் சொன்னார், டீ வரவழைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனவே பட்டா வேண்டும், ஆனால் பட்டா மட்டும் போதாது. நேற்று நான் எழுதியதில் பட்டாவே எல்லாம் என்பது போல ஒரு தொனி இருந்தது. அதைத் திருத்திக்கொள்கிறேன்.

மார்ச் 12, காலை

ஒரு சகோதரி எழுதியிருப்பது நெஞ்சில் தைத்தது: "அக்கா, நீங்க அறுபது சென்ட் பத்திப் பேசுறீங்க. எங்க அம்மாவுக்கு ஆறு சென்டும் இல்ல. ஆனா அந்த வரத்துக்கால்ல மண்ணு அள்ளுனது அவங்கதான்."

உண்மை. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் வேலை செய்தது பெண்கள். பெரும்பாலும் தண்ணீர் சார்ந்த வேலை: கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால், ஊருணி, கண்மாய் உள்வாய், பண்ணைக்குட்டை. எத்தனை ஆழம் வெட்டினார்கள் என்று அளப்பதற்காக நடுவில் விட்டுவைக்கும் மண்திட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். "இங்க வெட்டி என்ன ஆத்தா ஆகப்போகுது, மேல பாலத்துக்கிட்ட அடைச்சுக் கிடக்கு, அதத் தொறக்காம இங்க எவ்வளவு வெட்டுனாலும் தண்ணி வராது" என்று ஒரு அம்மா சொன்னார். அந்த வருஷம் மழை பெய்தபோது தண்ணீர் பாலத்திலேயே நின்று ரோட்டுக்கு ஏறியது. வேலையை எங்கே செய்வது என்று மதிப்பீடு போட்டவர்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அவர் 'வேலையாள்'.

நீர்பாய்ச்சிக் குடும்பங்களும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் மடையைத் திறந்து வயல் வயலாகத் தண்ணீர் விட்டவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டியல் சமூகத்துக் குடும்பங்கள். கூலி, அறுப்பில் கதிர்க்கட்டு. அந்த வீட்டு ஆண் காய்ச்சலில் படுத்தால் மனைவிதான் போய்த் தண்ணீர் திருப்புவார். ஒவ்வொரு வயலும் எவ்வளவு நேரத்தில் நிறையும் என்று விரல் நுனியில் வைத்திருப்பார். சங்கம் வந்தபோது உறுப்பினர் பட்டியலில் அவர்கள் யாரும் இல்லை, ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

நிலத்தோடு உறுப்பினர் உரிமையைக் கட்டியிருக்கும் வரை பட்டா வாங்கும் பெண்ணும் இன்னொரு பெண்ணை வெளியே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போகிறாள். இது எனக்கு உறைக்க இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

மார்ச் 13, இரவு

ஊருணி பற்றிக் கேட்டவருக்கு. பாசனத்திலிருந்து விலகிப் போகிறேன், பரவாயில்லை.

எங்கள் ஊர்க் குடிதண்ணீர் ஊருணியில். அதற்கு ஒரு வாரியமும் கிடையாது, சங்கமும் கிடையாது. ஆனால் விதி இருந்தது, நடத்தியது பெண்கள். செருப்போடு இறங்கக் கூடாது. குடத்தின் அடி கலங்கலில் படக் கூடாது. ஆடு மாடு தென்கரையில் வந்தால் பார்க்கும் பெண் எவளாக இருந்தாலும் விரட்ட வேண்டும். பங்குனிக்கு மேல் ஒரு நடைக்கு ஒரு குடம்தான், கல்யாண வீட்டுக்கு மட்டும் விலக்கு, அதுவும் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். மீறியவளிடம் நாலு நாள் யாரும் பேச மாட்டார்கள், அதற்கு மேல் தண்டனை தேவைப்பட்டதில்லை. கொண்டுவந்த தண்ணீர் கலங்கலாக இருந்தால் மண்குடத்தின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை நாலு சுற்று உரசிவிடுவார் அம்மா. காலையில் பார்த்தால் மண் எல்லாம் அடியில் படிந்து மேலே கண்ணாடி மாதிரி இருக்கும். மேல் தண்ணீரை அசைக்காமல் சொம்பில் மொள்ள வேண்டும், என்னை அதற்குப் பழக்கவே அம்மாவுக்கு ஒரு கோடை பிடித்தது.

குழாய் வந்தது. நல்லதுதான், அந்த நடை ஒழிந்ததே. ஆனால் தண்ணீரைத் திறப்பவர் மாறிவிட்டார். தொட்டி ஆபரேட்டர் எப்போது வால்வைத் திறப்பார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கும் வரும், பதினொன்றுக்கும் வரும். ஊருணியில் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள், அப்புறம் சீமைக்கருவேல் ஏறியது.

மார்ச் 14, காலை 5.50

நேற்று எழுதியதில் பொய் இல்லை, ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன். தெரிந்தே மறைத்தேனா, எழுதும் சுகத்தில் விட்டுப்போனதா என்று இரவெல்லாம் யோசித்தேன்.

அந்த ஊருணியில் காலனிப் பெண்கள் இறங்க முடியாது. அவர்கள் கரையில் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள், எங்கள் தெருப் பெண் யாராவது மொண்டு ஊற்ற வேண்டும். என் அம்மா ஊற்றுவார். ஆனால் அவர் முதல் குடத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்துதான் ஊற்றுவார், அதுவரை அவர்கள் வெயிலில் நிற்பார்கள். 'பெண்கள் நடத்திய விதி' என்று நான் பெருமையாக எழுதியதில் இதுவும் ஒரு விதி. குழாய் வந்ததும் அந்த நிற்பது ஒழிந்தது. 'பழைய ஊருணி மாதிரி வருமா' என்று நாங்கள் சொல்லும்போது அந்தப் பெண்கள் ஏன் ஒன்றும் பேசாமல் இருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

மார்ச் 16

சிறு குறிப்பு. பெண்கள் முன்னால் நின்று ஜெயித்த உதாரணம் சொல்லுங்கள் என்றவருக்கு: பாலக்காட்டுப் பக்கம் பிளாச்சிமடை, நம் எல்லையிலிருந்து எட்டும் தூரம். கொக்கோ கோலா ஆலை வந்த பிறகு கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் முடியாமல் போனது. முதலில் உணர்ந்தது அடுப்படியில் நிற்பவர்கள்தான். இரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அந்தப் போராட்டத்தின் முகமாக இருந்தார். 2002 ஏப்ரலில் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், 2003-ல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது, 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007-ல் இறந்தார். நிலத்தடி நீர் யாருடையது என்று நீதிமன்றத்தில் வாதாடுவதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டவர் அவர். வேலூர்ப் பக்கம் நாகநதியில் தடுப்பணையும் உறைகிணறுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்து நிலத்தடி நீரை ஏற்றியதும் உண்டு.

ஆனால் போராட்டத்துக்குப் பெண்களைக் கூப்பிடுவது எளிது. போராட்டம் முடிந்து கணக்கு, சாவி, குத்தகை என்று வரும்போது யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

மார்ச் 18, இரவு

கேள்வி கேட்ட முதல் வாசகர் மறுபடி வந்திருக்கிறார்: "எங்கள் தலைவி பெயருக்குத்தான், எல்லாம் அவர் கணவர்தான்." சரி, நிறைய இடத்தில் அப்படித்தான். எங்கள் ஊரிலும் முதல் முறை அப்படி இருந்தது. ஆனால் கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு நடக்கிறது என்று சொல்லுங்கள். இரவு எட்டு மணிக்கு, சாவடியில் அல்லது டீக்கடையில் என்றால், கணவன் இல்லாமல் அவர் எப்படி வருவார்?

இன்னொன்று. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஊர் குடிநீர்க் குழு, அதில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி. ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனைப் பயிற்சி. என் தம்பி மனைவி அந்த ஐவரில் ஒருத்தி. குழுவில் தன் பெயர் இருப்பதே அவளுக்குப் பயிற்சிக்குக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. ஆனால் பரிசோதனைப் பெட்டி கைக்கு வந்த பிறகு அவள் ஆளே மாறிவிட்டாள். ஃபுளோரைடு, நைட்ரேட், குளோரின் எல்லாம் நிறம் பார்த்துச் சொல்கிறாள். ஒரு சின்னப் பாட்டில் உண்டு, தண்ணீரை ஊற்றி மூடி ஒருநாள், இரண்டு நாள் வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துவிடும். போன மாதம் மேற்குத் தெருக் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஜன்னலில் வைத்திருக்கிறாள், மறுநாள் மை மாதிரி. ஆபரேட்டரிடம் காட்டினால் "தொட்டி கழுவியாச்சு, தேதி எழுதியிருக்கேன் பாரு" என்றாராம்.

22-ம் தேதி தண்ணீர் தினக் கிராம சபை. அந்தப் பாட்டிலை எடுத்துப் போகப் போகிறாள். நானும் போகிறேன்.

மார்ச் 22, மாலை 4.20

மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் கூட்டம். பாதிக்கு மேல் பெண்கள். தம்பி மனைவி பாட்டிலை மேஜையில் வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. தலைவி அதைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, "இதையா குடிக்கிறோம்?" என்றார். அவ்வளவுதான், மேற்குத் தெருப் பெண்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். தொட்டியை வாரத்துக்குள் கழுவுவது, குழுவில் இரண்டு பேர் மேலே ஏறிப் பார்ப்பது என்று தீர்மானம்.

நான் எதிர்பார்க்காதது அதற்கு அடுத்தது. சின்னக் கண்மாய் மீன் குத்தகை. அது ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும் கண்மாய், ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழ். குத்தகைக்காரருக்கு மீன் பிடிக்கத் தண்ணீர் வற்ற வேண்டும், பங்குனியில் மடையைத் திறந்து விட்டுவிடுவார். அப்புறம் சித்திரை, வைகாசிக்கு மாட்டுக்குத் தண்ணீர் இல்லை, குளிக்க இல்லை, ஊர்க் கிணறுகள் இறங்கிவிடும். வருஷா வருஷம் இதுதான். காலனியிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்து, "படித்துறையில ரெண்டாவது படி தெரியக் கூடாது, அதுக்கு மேல இருக்க தண்ணியில அவர் மீனப் புடிச்சுக்கட்டும்" என்றார். ஊருணிக் கரையில் குடத்தோடு நின்றவர்களில் அவரும் ஒருவர். என் அம்மா, எழுபது வயசு, அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர், "அதேதான், அதேதான்" என்று சத்தமாகச் சொன்னார். தீர்மானம் எழுதி வாசித்துக் கையெழுத்தும் வாங்கினார்கள்.

மார்ச் 29, காலை 7

நேற்று இரவு பதினொன்றரைக்குத் தம்பி மனைவி போன் செய்தாள். படுக்கப் போன அம்மா, சின்னக் கண்மாய்ப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கிறது என்று எழுந்துவிட்டாராம். இவள் நம்பவில்லை. அம்மா மடை வாய்க்காலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை விட்டுப் பார்த்திருக்கிறார். "ஓடுது, கணுக்காலுக்கு மேல."

இவர்கள் காலனிக்குப் போய் அந்த அம்மாவை எழுப்ப, அவர் இன்னும் மூன்று பேரைக் கூட்டிவர, ஆறு பெண்கள் டார்ச் அடித்துக்கொண்டு குத்தகைக்காரரின் கொட்டகைக்குப் போயிருக்கிறார்கள். ஷட்டரின் திருகுச்சாவி அவரிடம்தான். ஒரு மணி வரை பேச்சு. கடைசியில் அவரே வந்து திருகி அடைத்தார். இரண்டாவது படி இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறதாம், நாலு விரற்கடை.

மார்ச் 30, இரவு

சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று பேச ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் வைத்திருக்கிறார்கள். நாளை இரவு எட்டு மணி, சாவடியில். தம்பி மனைவி தலைவியிடம், பள்ளிக்கூட மரத்தடியில் பகலில் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை. "எங்க வச்சாலும் நான் போறேன், அந்தப் படி என்ன ஏழு படியா" என்கிறார் அம்மா. காலனி அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.

நாளை மதிய பஸ்ஸில் நானும் கிளம்புகிறேன்.